கடைசி இரண்டு விநாடி

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்பது.

இது எப்படி என்று கேட்பவர்கள் செவல்குடிக் கரிசலில் இருக்கும் அந்தச் சூரிய மின் நிலையத்துக்கு வந்ததில்லை. அங்கே வெள்ளாடு மேய்ந்த காட்டில் இப்போது கண்ணாடிப் பலகைகள் வெயில் காய்கின்றன. வயசு, அனுபவம் இதெல்லாம் அந்த வெயிலில் அதிக நேரம் நிற்பதில்லை.

சீடர் உச்சிமாகாளி. இருபத்தெட்டு வருஷம் அனல் மின் நிலையத்தில் டர்பைனைக் கட்டி மேய்த்தவர். இங்கே மூத்த பொறியாளர். குரு எஸ்தர் நவமணி. மின் நிலையங்களைக் கணினிக்குள் அப்படியே கட்டிப் பார்ப்பது அவருடைய தொழில். அதைக் கற்றுக்கொள்ளத்தான் உச்சிமாகாளி நோட்டுப் புத்தகத்தோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

புது நிலையம் கிரிட்டோடு, அதாவது ஊர் ஊராக மின்சாரம் கொண்டுபோகும் கம்பி வலையோடு, சேரும் முன்னால் தன்னைப் போலவே ஒன்றைக் கணினியில் செய்து கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் மாதிரி. எங்கோ ஒரு கம்பியில் கோளாறு வந்து வோல்டேஜ் கால் விநாடி சரிந்தால், இந்த நிலையம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்குமா, விட்டுவிட்டு ஓடுமா என்று அந்த மாதிரி சொல்லும். நிற்க வேண்டும் என்பது விதி. ஆளாளுக்கு ஓடினால் ஊரே இருண்டுவிடும் அல்லவா?

உச்சிமாகாளி செய்த மாதிரி நின்றது. தேர் நிலைக்கு வந்தது போல அசையாமல் நின்றது. பூரிப்போடு அதை எடுத்துக்கொண்டு போய் எஸ்தரிடம் காட்டினார்.

"மேடம், ஒரு மாதிரி சரின்னு எப்போ சொல்லலாம்?"

"இந்த நம்பரெல்லாம் எங்க கிடைச்சுது, அண்ணாச்சி?"

"இன்வர்ட்டர் கம்பெனிக்காரன் குடுத்த ஃபைல்ல."

"மெஷினைப் போய்ப் பாத்தீங்களா?"

உச்சிமாகாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தனையும் நான் எறக்கி வச்ச மெஷின் மேடம். எனக்குத் தெரியாம அதுக்குள்ள என்ன இருக்கு?"

"அப்போ என்னை எதுக்குக் கேக்கீங்க?" என்று சொல்லிவிட்டு எஸ்தர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

உச்சிமாகாளி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அன்று மாலையே மாதிரி கிரிட் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சி வெயில். சோதனை ஓட்டமாக நூறு மெகாவாட்டும் கிரிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு கல் தொலைவில் ஒரு மயில் பறந்து போய்க் கம்பியில் மோதியது. வோல்டேஜ் கால் விநாடி சரிந்தது. மயில் கீழே விழுவதற்குள் கம்பி சரியாகிவிட்டது. ஆனால் செவல்குடியில் பலகைகளின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் நாற்பது இன்வர்ட்டரும் ஒன்று விடாமல் கிரிட்டை விட்டு வெளியே வந்துவிட்டன.

நூறு. அடுத்த பார்வையில் பூஜ்யம்.

உச்சிமாகாளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சூரியன் அங்கேயே இருக்கிறது, பலகைகள் அங்கேயே இருக்கின்றன, மின்சாரத்தை மட்டும் காணோம். அதை ஈடுகட்ட முடியாமல் இரண்டு தாலுகாவில் முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை.

மறுநாள் கிரிட் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் கடிதம் வந்தது. நிற்கும் என்று எழுதிக் கொடுத்தீர்கள், நிற்கவில்லை, பொய் சொன்னது மாதிரியா நிலையமா?

உச்சிமாகாளி அதை இரண்டு தடவை படித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இன்வர்ட்டர்களைத் திறந்து பார்த்தார்கள். ஃபைலில் ஒரு எண், மெஷினில் வேறு எண். லேசாக ஆடினாலே விட்டுவிட்டு வெளியே வா என்று நாற்பதிலும் யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். எப்போது மாற்றியது, யார் கடவுச்சொல்லில் மாற்றியது என்று மெஷினே குறித்து வைத்திருந்தது. ஜூன் பதினாலு. முத்துக்கனி.

முத்துக்கனி இன்வர்ட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். முப்பத்து நாலு வயசு. சூடான பெட்டியில் காதை வைத்தே உள்ளே எந்த ஃபேன் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"நீதான் மாத்துனியா?"

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு மாத்துன?"

"நீங்கதான் சார் மாத்தச் சொன்னிய."

உச்சிமாகாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் முகத்துக்கு நேரே, கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்.

"நானா? நின்னு தாங்கணும்னு எழுதிக் குடுத்தவனே நான். நானா அப்படிச் சொல்லுவேன்? நான் அப்படிப்பட்ட ஆளா?"

முத்துக்கனி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

தலைமை அலுவலகம் போனில் சொன்னது: வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் இரண்டு வேண்டும். நிலையம் நிற்கிறது என்பதற்கு அளந்தெடுத்த ரிப்போர்ட் ஒன்று, தப்புச் செய்தவர் பெயர் ஒன்று. பெயர் வந்தால் அந்த ஆள் வெளியே, கணக்கு முடிந்தது. உச்சிமாகாளி அன்றைக்கே மெமோவை எழுதி, முத்துக்கனி பெயரைப் போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறமும் மனசு ஆறவில்லை. நேரே எஸ்தரிடம் போனார்.

"கூசாமப் பொய் சொல்லுதா மேடம். எனக்கு அதான் தாங்கலை. வேலை போறது அவ தலையெழுத்து. என் மேல எப்படி அதை வைக்கா? ஒரு ஆள் சொல்லுதது நெசமா பொய்யான்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கது?"

எஸ்தர் காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல லாரி வருது அண்ணாச்சி. ஒன்பதாம் நம்பர்கிட்ட வந்துருங்க."

"ஒன்பதா? ஏன் ஒன்பது?"

"அங்கதான் லாரி நிறுத்த எடம் இருக்கு."

அந்த லாரியின் முதுகில் ஒரு பெரிய பெட்டி இருந்தது. வேண்டுமென்றே வோல்டேஜைச் சரித்துப் பார்க்கும் கருவி அது. ஒரு இன்வர்ட்டரை அதோடு சேர்த்து, மயில் செய்ததைக் கருவியை வைத்துச் செய்து பார்க்கலாம். கால் விநாடிச் சரிவில் மெஷின் நிற்கிறதா ஓடுகிறதா என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

முதல் நாளே எண்களையெல்லாம் சரியாக்கியாயிற்று. மாற்றியது முத்துக்கனி. உச்சிமாகாளி அவள் மாற்றியதை நம்பாமல் நாற்பது பெட்டியையும் தானே திறந்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். அவளும் பக்கத்தில் நின்று ஆமா சார், ஆமா சார் என்று நாற்பது தடவை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வெயில் கொளுத்தியது. எஸ்தர் லாரியின் ஏணிப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். முத்துக்கனி வயரைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள்.

"ஆபத்துக்கு மெஷினை அணைக்கிற செவப்புப் பொத்தான் பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்," என்றார் எஸ்தர். "அது விதி. நீங்க நிக்கீங்களா அண்ணாச்சி?"

"நான் நிக்காம?"

"எப்போ அமுக்கணும்?"

உச்சிமாகாளிக்குக் கோபம் வந்தது. எல்.கே.ஜி. பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. "தீயோ புகையோ வந்தா மட்டும். மத்தபடி கை வைக்கக் கூடாது."

"சரி. ஒண்ணுமே செய்யாண்டாம். பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

எஸ்தர் மூன்று, இரண்டு, ஒன்று எண்ணினார்.

தொம்மென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. ஒன்பதாம் நம்பர் மாடு முக்குவது போல ஒரு முக்கு முக்கியது. ஃபேன்கள் கத்தின. பிறகு சத்தம் அடங்கி, எல்லாம் பழையபடி சீராக ஓட ஆரம்பித்தது. அடுத்து ஒரு டப். அதோடு மெஷின் மொத்தமாக அமைதியாகிவிட்டது.

"பாத்தீங்களா மேடம்!" உச்சிமாகாளி கத்தினார். "மறுபடியும் விட்டுட்டு ஓடிருச்சு! நாற்பதையும் நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன். அப்புறமும் உள்ள ஏதோ செஞ்சு வச்சிருக்கா! இவளை இன்னும் இங்க வச்சிருக்கோம் பாருங்க!"

எஸ்தர் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி."

"என்ன மேடம்?"

"உங்க கை எங்க இருக்கு?"

உச்சிமாகாளி குனிந்து பார்த்தார்.

வலது உள்ளங்கை சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. பொத்தான் முழுக்க உள்ளே போயிருந்தது. விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார், இன்னமும்.

சுடு சட்டியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கை யாருடையது என்றே அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அமுக்கியது நினைவில் இல்லை. கை நீட்டியது நினைவில் இல்லை. புகை வந்ததா? வரவில்லை. தீ? அதுவும் இல்லை.

"நான்... நான் அமுக்கலையே மேடம்," என்றார்.

எஸ்தர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். ஐந்து விநாடி நீளத்துக்கு ஒரு கோடு. முதலில் சரிந்தது, ஆடியது, எழுந்தது. எழுந்து இரண்டு விநாடி ஆணி அடித்தது போல நேராக ஓடியது. அப்புறம் செங்குத்தாக விழுந்து, கடைசி இரண்டு விநாடியும் பூஜ்யத்திலேயே கிடந்தது.

"மெஷின் தாங்கிருச்சு," என்றார் எஸ்தர்.

அவ்வளவுதான் சொன்னார்.

உச்சிமாகாளி ஒன்பதாம் நம்பரைப் பார்த்தார். மற்ற பெட்டிகள் வெயிலில் மங்கியிருக்க, இது மட்டும் புதுப் பெயின்ட்டோடு நின்றது. ஏன் புதுசு? பழைய ஒன்பது வெடித்துவிட்டது. ஜூன் மாதம். நீலமாய் ஒரு வெளிச்சம், காதடைக்கும் சத்தம், கதவு பறந்து போய் வரப்பில் விழுந்தது. அவர் பத்தடி தள்ளி நின்றார். முத்துக்கனி பக்கத்தில் நின்றாள். அனல் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமும் அவருக்கு ஒரே பாடம்தான்: எது போனாலும் போகட்டும், மெஷினைக் காப்பாற்று. அந்தப் புகைக்கு நடுவில் அவர் யாரையோ பார்த்துக் கத்தியது இப்போது காதில் கேட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, ஒரு சொல் குறையாமல் கேட்டது.

இனிமே லேசா ஆடினாலும் விட்டுட்டு வெளிய வந்துரணும், கேட்டியா? எல்லாத்துலயும் மாத்து. மெஷின் பொழைச்சாப் போதும்.

அவர் லாரியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"முத்துக்கனி."

"சார்."

"அன்னைக்கு நான் சொன்னேனா?"

"ஆமா சார்."

"எனக்கு ஞாபகமே இல்லையே தாயி. சத்தியமா இல்லையே."

"தெரியும் சார்," என்றாள் முத்துக்கனி. "அதான் நான் அதுக்கு மேல பேசலை."

திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. கரிசல் வெயிலில் நின்றுகொண்டு ஐம்பத்தாறு வயசு மனுஷன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சட்டைப்பையில் அந்த மெமோ நெஞ்சில் குத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து போன் அடித்தது. தலைமை அலுவலகம். அவர் எடுக்கவில்லை. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. லாரி ஒரு மணிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும், மறுபடி சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. துண்டை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நேராக ஓடிய அந்த இரண்டு விநாடி அழகாக இருந்தது. விதி கேட்டதும் அவ்வளவுதான். மனசு மெல்ல ஒரு வழியைக் காட்டியது. எஸ்தர் பக்கம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"மேடம், மெஷின் தாங்கிருச்சுல்லா?"

"தாங்கிருச்சு."

"அப்போ கடைசி ரெண்டு செகண்டை மட்டும் வெட்டிட்டு அனுப்பிரலாமா? பொய் ஒண்ணும் இல்லையே. இவ பேரையும் நான் எடுத்துருதேன். யாரு பேரும் வேண்டாம்."

போன் மறுபடியும் அடித்தது. எஸ்தர் ரிப்போர்ட்டின் முதல் தாளை எடுத்து, பேனாவோடு அவர் கையில் கொடுத்தார்.

"வெட்டலாம் அண்ணாச்சி. மொதப் பக்கத்துல நிலையத்தோட விலாசம் கேட்டிருக்கான். அந்தக் கடைசி ரெண்டு செகண்டு நீங்கதான். நீங்க இல்லாத செவல்குடி எங்க இருக்குன்னு எழுதிட்டு, வெட்டுங்க."

உச்சிமாகாளி தாளைப் பார்த்தார். முத்துக்கனி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை போன் அடித்தபோது எடுத்தார்.

"என்னய்யா, கெடைச்சுதா பேரு?" என்றது மறுமுனை.

"கெடைச்சிருச்சு சார்."

"சொல்லும், எழுதிக்கிடுதேன்."

உச்சிமாகாளி தன் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு.