பாலத்தில் பதினான்காம் பிரிவு

குரு பூரணிக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் கூட்டமைப்புச் சட்டம் படிக்கும் மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு. ஆறு நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நானூறு பிரிவுகளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் காலை கேட்டார். "டீச்சர், இந்தச் சட்டத்தைப் படிச்சு முடிச்சாச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வாங்க ஐயா, எல்லைப் பாலம் வரைக்கும் நடந்துட்டு வரலாம்."

பாலத்தில் மீன் வண்டியோடு ரோசம்மாள் நின்றிருந்தாள். அவள் நாட்டில் சோதித்து முத்திரை குத்திய மீன். மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றார் அக்கரை அதிகாரி. சோதிப்பவர் வர இன்னும் மூன்று நாள். ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி முன்னால் பாய்ந்தார். பதினான்காம் பிரிவை மூச்சுவிடாமல் முழுசாக ஒப்பித்தார். ஒரு நாடு சோதித்த உணவை இன்னொரு நாடு மறுபடி சோதிக்கக் கூடாது என்பது அது.

"சரிதான் சார்," என்றார் அதிகாரி. "ஆனா அது அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள பேச்சு. உங்க அரசாங்கம் எங்களுக்கு எழுதட்டும்."

மாசிலாமணிக்கு அது நியாயமாகவே பட்டது. "மனு எழுதித் தரேம்மா. ஆறு மாசத்துல பதில் வந்துடும்" என்றார் ரோசம்மாளிடம்.

"ஆறு மாசமா! மீனு ஆறு மணி நேரம் தாங்காதுய்யா!"

பூரணி ஒப்பந்தப் புத்தகத்தை ரோசம்மாளிடம் நீட்டினார். "பதினாலாம் பிரிவு. நீங்களே படிங்கம்மா."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள். "'இந்த உரிமை சரக்கைக் கொண்டு வருபவருக்கு உரியது.' கொண்டாந்தது நான்தானே? அப்புறம் எந்த அரசாங்கம் எழுதணும்? விடமாட்டேன்னா, விடமாட்டேன்னு எழுதி உங்க கையெழுத்தைப் போட்டுக் குடுங்க. நான் கூட்டமைப்புக் கோர்ட்டுக்குப் போறேன்."

அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். எழுந்து போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

ரோசம்மாள் போட்ட குலவையில் பாலமே அதிர்ந்தது. பின்னால் காத்திருந்த பால்காரரும் கருவாட்டுக்காரரும் "பதினாலு! பதினாலு!" என்று கத்திக்கொண்டே வண்டியை விட்டார்கள்.

மாசிலாமணிக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. "அந்தக் கடைசி வரியையும் நான் ஒப்பிச்சேனே டீச்சர். எனக்கு ஏன் தோணல?"

"நீங்க அதுல கையெழுத்துப் போட்ட அரசாங்கங்களைத் தேடுனீங்க ஐயா," என்றார் பூரணி. "அந்தம்மா தன்னைத் தேடுனாங்க."