பாத்திரக்கடையில் ஒரு கும்பிடு

பாத்திரக்கடை பூதலிங்கம் மடத்துச் சாமியைப் பார்க்கப் போனது ஞானம் கேட்டு அல்ல. கரண்ட் பில் பொறுக்க முடியாமல்.

சாமி குளத்தங்கரை மடத்தில் இருந்தார். பூதலிங்கத்தைவிட வயதில் இளையவர். அதனால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடும் குரு அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

"சாமி, கடை வாடகையைவிடக் கரண்டுக்குத்தான் அதிகமா அழுறேன். ஏதாவது மந்திரம் உண்டா?"

"கடையில என்ன விளக்கு?"

"எல்லாம் பழைய டியூப் லைட்டு. நடுவுல பெரிய பெரிய குண்டு பல்பு. பாத்திரம் பளபளன்னு தெரியணும்லா? காலையில போட்டா கடை பூட்டும்போதுதான் அணைப்பேன்."

"மத்தியானம் ஆள் வருமா?"

"ஈ காக்கா வராது."

"அப்ப விளக்கு யாருக்கு எரியுது?"

பூதலிங்கம் யோசித்தார்.

"பாத்திரத்துக்கு."

பொழுது சாய்ந்திருந்தது. சாமி எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போனார். கூடம் இருட்டானது.

"சாமி! நான் இங்கதான் இருக்கேன்!"

சாமி திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். பூதலிங்கம் கும்பிட்டார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. பேசாம இருந்தீங்களா, பாத்திரம்னு நினைச்சுட்டேன்."

பூதலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. மறுநாளே எலக்ட்ரீஷியன் ராசையாவை வரவழைத்தார். பழைய டியூப் லைட், குண்டு பல்பு எல்லாம் இறங்கின. எல்.இ.டி. விளக்குகள் ஏறின. வாசலில் ஒரு சென்சார். ஆள் உள்ளே கால் வைத்தால் கடை முழுக்கத் தானாக எரியும். ஆள் போனால் தானாக அணையும். கல்லாவுக்கு மேலே மட்டும் ஒரு சின்ன விளக்கு எப்போதும் உண்டு. முதலாளி உயிரோடு இருக்கிறார் என்று தெரிவதற்கு.

அடுத்த பில் பாதிக்கும் கீழே வந்தது. பூதலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் ஒரு சிக்கல்.

அந்தக் கடைத்தெருவில் மாலையில் விளக்குப் போட்டதும் எல்லாக் கடைக்காரர்களும் விளக்கைப் பார்த்துக் கும்பிடுவார்கள். எடை பாதியில் நின்றாலும் கும்பிட்டுவிட்டுத்தான் மீதி. பூதலிங்கத்துக்கு இது எலும்பில் ஊறியது. எந்த விளக்கு எப்போது எரிந்தாலும் கை தானாக எழுந்துவிடும். பஸ்ஸில் விளக்குப் போட்டாலும் கும்பிடுவார். பல் டாக்டர் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பியபோது, வாயைத் திறந்தபடியே கும்பிட்டவர் அவர்.

முன்பு கடையில் நாளுக்கு ஒரு கும்பிடு. இப்போது ஆள் வரும்போதெல்லாம் ஒரு கும்பிடு.

வருகிறவர்களுக்கு விளக்கு விவரம் தெரியுமா? தங்களைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தார்கள். தபால் ஆபீஸுக்கு வழி கேட்க வந்த ஒரு அம்மாள், இவ்வளவு பெரிய மனுஷன் எழுந்து கும்பிடுகிறாரே என்று கூச்சப்பட்டு ஒரு இட்லிக் கொப்பரை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு ஆடு நுழைந்தது. அதையும் கும்பிட்டார். ஆடு ஒன்றும் வாங்கவில்லை. மற்றபடி வியாபாரம் ஏறியது.

"பூதலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போ. மரியாதைன்னா மரியாதை" என்று ஊரில் பேச்சாகிவிட்டது. பூதலிங்கம் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

எதிர்க்கடை நல்லபெருமாளுடையது. அதுவும் பாத்திரக்கடை.

ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து சரக்கு எடுக்கப் போனவர்கள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில் நல்லபெருமாள் வாய் தவறினார். "பூதலிங்கம் கடைக்குப் போறவன் கையில காந்தம் கொண்டுட்டுப் போகணும்வே." காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர். இது பாத்திரம் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். நாலு பேரும் சிரித்தார்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. பூதலிங்கம் தன் மகள் கல்யாணத்துக்கு நல்லபெருமாளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சுவர் இல்லாத இடத்தில் வானத்தைப் பார்ப்பார். பகையை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் என்று பகை இல்லாதவர்கள் நினைக்கிறார்கள். பித்தளை மாதிரி அது. தினமும் துலக்க வேண்டும். விட்டால் மங்கிப்போகும். பூதலிங்கம் ஒரு நாளும் துலக்காமல் விட்டதில்லை.

அந்த நல்லபெருமாள் ஒரு மத்தியானம் கடைக்குள் வந்தார். விளக்கை வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். தன் கடையிலும் மாட்ட வேண்டும் என்று யோசனை. பூதலிங்கம் கண்ணயர்ந்திருப்பார், ஓசைப்படாமல் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று கால் வைத்தார்.

கடை முழுக்க எரிந்தது. பூதலிங்கம் திடுக்கிட்டு எழுந்தார். கை கூப்பியது.

நல்லபெருமாள் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி..."

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் பூதலிங்கத்திடம் காசு வாங்க மறுத்தார்.

"என்னவே இது?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. யாருக்கு வரும் இந்த மனசு? அவரு பேசின பேச்சுக்கு, நீங்க முந்திக் கும்பிட்டீங்களே!"

அது மட்டும் என்றால் தாங்கியிருப்பார். நல்லபெருமாள் தன் கடைக்கு வந்த ஆட்களையே இந்தப் பக்கம் அனுப்ப ஆரம்பித்தார். "பெரிய அண்டா என்கிட்ட இல்ல. எதிர்க்கடை அண்ணாச்சிகிட்டக் கேளுங்க. தங்கமான சரக்கு. காந்தமெல்லாம் வேண்டாம்."

பூதலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மடத்துக்கு ஓடினார்.

"சாமி, என் பகையைத் திருடிட்டான்."

"யாரு?"

"நல்லபெருமாள். நான் கும்பிட்டது விளக்கை. அவன் நடுவுல வந்து வாங்கிட்டுப் போயிட்டான்."

"விளக்கைத்தான் கும்பிட்டேன்னு போய்ச் சொல்லுங்க."

"அவன்கிட்ட நான் பேசுறதில்லையே!"

"சரி, ஆள் விட்டுச் சொல்லுங்க."

"நானே சொன்னாத்தான் அவனுக்கு உறைக்கும்."

"அப்பப் பேசணும்."

"பேசினாப் பகை போச்சே சாமி!"

சாமி தலையை ஆட்டினார். "கஷ்டம்தான்."

"அந்த சென்சாரைப் பிடுங்கிப் போட்டுரவா?"

"போடலாம். பில்லு?"

பூதலிங்கம் பேச்சை மாற்றினார். பகைக்காக எதையும் விடுவார். பாதி பில்லை விடமாட்டார்.

மறுநாள் கை எழாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லாவில் உட்காரும்போது இரண்டு கையாலும் ஒரு செம்பைப் பிடித்துக்கொண்டார். ஆள் வந்தது. விளக்கு எரிந்தது. கை, செம்போடு நெற்றிக்கு எழுந்தது. வந்தவர் பயபக்தியோடு செம்பை வாங்கிக்கொண்டு, "விலை என்ன அண்ணாச்சி?" என்றார்.

இனி வேறு வழி இல்லை. பேசுவது ஒரே ஒரு வாக்கியம். 'ஓய், நான் உம்மைக் கும்பிடல, விளக்கைத்தான் கும்பிட்டேன்.' சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டியது. ஒரு வாக்கியத்துக்குப் பகை குறையாது. வழி நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்தார். அது சின்னத் தெரு. ஆனாலும் அவர் அந்தப் பக்கம் போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

எதிர்க்கடைப் படியேறி உள்ளே கால் வைத்தார்.

கடை முழுக்க எரிந்தது. நல்லபெருமாளும் அதே விளக்கை மாட்டிவிட்டார். அதே ராசையாதான்.

கல்லாவில் இருந்த நல்லபெருமாள் எழுந்து கை கூப்பினார்.

விளக்கு எரிந்துவிட்டதே. பூதலிங்கத்தின் கையும் கூப்பியது.

இருவரும் கூப்பிய கையோடு நின்றார்கள். யார் முதலில் இறக்குவது என்று தெரியவில்லை.

"வாங்க அண்ணாச்சி" என்றார் நல்லபெருமாள்.

பூதலிங்கம் வாயைத் திறந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வரவில்லை.

"கரண்டி இருக்கா?"

"எந்தக் கரண்டி?"

"ஏதாவது ஒண்ணு."

தன் கடையில் கரண்டி குவியலாகக் கிடக்கிற மனிதர், எதிர்க்கடையில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தன் கடைக்குப் போகவில்லை. நேரே மடத்துக்குப் போனார்.

சாமி கரண்டியைப் பார்த்தார்.

"சாமி, உள்ளதைச் சொல்லணும். அவன் கும்பிட்டது என்னையா, விளக்கையா?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"விளக்குன்னா நான் பாட்டுக்கு என் பகையைப் பாத்துட்டு இருப்பேன்."

"உங்களைன்னா?"

பூதலிங்கம் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து நல்லபெருமாள் இங்க வந்தார்" என்றார் சாமி. "விளக்கு மாட்டப் போன ராசையா உங்க பழக்கத்தை அவர்கிட்ட உளறிட்டான். 'அண்ணாச்சி அன்னைக்குக் கும்பிட்டது என்னையா, விளக்கையா?'ன்னு கேட்டார்."

பூதலிங்கம் நிமிர்ந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். 'வேண்டாம் சாமி, விளக்கைன்னு மட்டும் சொல்லிராதீங்க'ன்னு எந்திரிச்சுப் போயிட்டார்."

"உங்களுக்குப் பதில் சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றார் சாமி.

பூதலிங்கம் அதற்குள் கரண்டியோடு படியிறங்கியிருந்தார்.