ராஜாவின் மீன் மேய்ந்த வயல்

வெகு காலத்துக்கு முன்னே, பூம்பொழில் நாட்டைக் கோதண்டவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. பெரிய ஏரியில் மீன் துள்ளுவதைப் பார்ப்பதென்றால் அவருக்கு உயிர். ஒரு நாள் மாடத்தில் உட்கார்ந்து கண் பூத்துப்போகப் பார்த்தும் ஒன்றுகூடத் துள்ளவில்லை. அவ்வளவுதான், சட்டம் போட்டுவிட்டார்: இந்த நாட்டில் நீந்துகிற மீன் எல்லாம் ராஜாவின் மீன். மழைக்காலம் முடியும்வரை எவன் தொட்டாலும் அவனுக்குச் சிறை, அவன் நிலம் அரண்மனைக்கு.

இப்படியொரு சட்டம் கிடைத்தால் மந்திரி வல்லபராயருக்குக் கேட்கவா வேண்டும்? மீன்வளமும் அவர் கையில், ராஜாவின் பெயரால் வழக்குப் போடும் வேலையும் அவர் கையில். அதுவும் போதாமல், வேளாண்மை மந்திரி திருமேனியாரின் ஆசனத்தின் மேலும் ஒரு கண். அவர் எப்போது சறுக்குவார், நாம் எப்போது ஏறி உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் அடைமழை. ஏரி வழிந்தது. கெண்டை மீன்கள் வாய்க்கால் வழியே ஏறி, சடையன் என்ற குடியானவன் அப்போதுதான் நட்டு முடித்த வயலுக்குள் புகுந்து, நாற்றையெல்லாம் கிளறி மிதக்கவிட்டன. சடையனுக்கு வயிறு எரிந்துபோயிற்று. கூடையைக் கவிழ்த்து மீன்களைப் பிடித்து வீட்டுத் தொட்டியில் போட்டான். குழம்பு கொதிக்கும் முன்னே வல்லபராயரின் காவலர்கள் வந்துவிட்டார்கள். தொட்டியும் போயிற்று, சடையனும் போனான்.

அந்த நாட்டில் பௌர்ணமிதோறும் கேள்வி நாள். அன்றைக்கு ஜனங்கள் கீழே நின்று எந்த மந்திரியையும் எதையும் கேட்கலாம். மேலே உட்கார்ந்திருக்கும் மந்திரிகள் பதில்தான் சொல்லவேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. சடையனின் மனைவி காத்தாயி வந்து நின்றாள்.

"வேளாண்மை மந்திரி ஐயா, நட்ட பயிர் அழிஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரரு உள்ள கெடக்காரு. நாளைக்கு நெலத்தையும் எடுத்துக்குவாங்களாம். அப்புறம் நாங்க எதைத் தின்னு உசுரோட இருக்கிறது?"

வல்லபராயர் சிரித்தார். "பதில் சொல்லுங்கள் திருமேனியாரே. பதில் இல்லையென்றால் பதவி எதற்கு?"

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. "பதில் இல்லையென்றால் ஆசனத்தை வல்லபராயருக்குக் கொடுத்துவிடும்."

திருமேனியாருக்கு ஒரு வழி தோன்றியது. ஆனால் அதற்கு வல்லபராயரிடம் நாலு கேள்வி கேட்டாகவேண்டும். மேலே இருந்துகொண்டு கேட்க முடியாது. கீழே இறங்கினால் மந்திரி பதவி அத்தோடு சரி. அவருக்கும் பயம் இருந்தது, இல்லாமல் என்ன? காத்தாயியின் முகத்தைப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றி ஆசனத்தின் மேல் வைத்துவிட்டு, இறங்கிவந்து அவள் பக்கத்தில் நின்றார்.

ராஜா திகைத்துப்போனார். "என்னய்யா இது? இறங்கினால் மந்திரி இல்லை, தெரியுமல்லவா?"

"தெரியும் மகாராஜா. இப்போது நானும் ஒரு குடிமகன். வல்லபராயரை நான் கேட்கலாமா?"

"தாராளமாகக் கேட்கட்டும்" என்றார் வல்லபராயர். காலியான ஆசனத்தைப் பார்த்து அவர் வாயெல்லாம் பல்.

"சடையன் வயலில் இறங்கிய மீன் யாருடையது? மழையில் தானாக வந்த மீன், யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லலாமா?"

"ஒருக்காலும் இல்லை. ஒவ்வொரு செதிலும் மகாராஜாவுடையது. அதனால்தானே வழக்கு."

"நல்லது. ஒருவன் மாடு அடுத்தவன் வயலில் இறங்கிப் பயிரை அழித்தால் இங்கே என்ன வழக்கம்?"

"இது தெரியாமலா இத்தனை நாள் மந்திரியாக இருந்தீர்? வயல்காரன் மாட்டைப் பிடித்துக் கட்டிப்போடலாம். மாட்டுக்காரன் வந்து, அழிந்த பயிரைத் திரும்ப நட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மாட்டை ஓட்டிப்போக முடியும். இப்படி எத்தனை வழக்கு ஜெயித்திருக்கிறேன்."

"சடையனும் பயிரை அழித்த மீனைப் பிடித்துத் தொட்டியில் அடைத்தான்."

"அடைத்தானா? அம்மியில் மசாலா அரைத்து வைத்திருந்தார்கள் ஐயா!"

"மசாலா அரைக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதா?"

"இல்லை."

"தொட்டியில் ஒரு மீனாவது செத்திருந்ததா?"

"இல்லை. எல்லாம் உயிரோடுதான் அரண்மனைக் குளத்துக்கு வந்தன."

"அப்படியானால் கடைசிக் கேள்வி. அடைத்து வைத்தவன் மேல் வழக்குப் போட்டுவிட்டீர்கள். மேயவிட்ட மீன்காரர் மேல் எப்போது போடப்போகிறீர்கள்?"

வல்லபராயர் ராஜா பக்கம் திரும்பினார், சட்டென்று தரையைப் பார்த்தார். மீன் ராஜாவுடையது என்றால் ராஜா மேல் வழக்கு. இல்லையென்றால் சடையன் மேல் வழக்கே இல்லை. "அது வந்து... விசாரித்து... அடுத்த பௌர்ணமிக்கு..." என்று இழுத்தார்.

ராஜாவின் முகம் முதலில் சிவந்தது. காத்தாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ராஜாவின் சிவந்த முகத்திலேயே மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பி, அப்புறம் வயிறு குலுங்கியது.

"மீன் என்னுடையதுதான். சட்டம் போட்டவன் நான், இல்லையென்று சொல்வேனா? சடையனை இப்போதே விடுங்கள். அவன் நிலத்தை யாரும் தொடக் கூடாது. இனிமேல் வயலுக்குள் ஏறிவரும் மீன் வயல்காரனுக்கே சொந்தம். திருமேனியாரே, மேலே ஏறி உட்காரும், கால் வலிக்கப்போகிறது."

தலைப்பாகையை ராஜாவே எடுத்துத் திருமேனியாரின் தலையில் வைத்தார். வல்லபராயர் ஓசைப்படாமல் தூணோரமாக நகர்ந்தார்.

"எங்கே போகிறீர்? அழிந்த நாற்றை மீன்காரன் நட்டுக் கொடுக்கவேண்டும் என்று சொன்னது நீர்தானே? வழக்கு மன்றத்தில் எனக்குப் பதிலாக நிற்பது யார்?"

"அடியேன்தான் மகாராஜா."

"வயலிலும் நில்லும்" என்றார் ராஜா.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, கடைசி நாற்றுவரை வல்லபராயர்தான் நட்டார். அந்த வருஷம் சடையன் வயல் நன்றாகவே விளைந்தது. அதுபோல எல்லார் வயலும் விளையட்டும்.