நஞ்சப்பன் சுற்றிய சாசேஜ்

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றியே நாற்பது வருடம் பிழைத்தவர் நஞ்சப்பன். கோயமுத்தூர் கணபதியில் பட்டறை. அறுபத்தெட்டு வயதில் சீடனாகப் போய்ச் சேர்ந்தார். குரு, மாடி வீட்டு எஸ்தர். முப்பது வயது. வீட்டிலேயே பேக்கிங் வகுப்பு நடத்துகிறவள்.

போனதும் போனை நீட்டினார். படத்தில் ஒரு குழந்தை. பழுப்பாக, சுருள் சுருளாக எதையோ கடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன கருமம் அம்மிணி?"

"பிரெட்சல்னு ஜெர்மன்காரங்க ரொட்டி மாவுங்கய்யா. உள்ள சாசேஜ் வெச்சு, மேல சுத்திச் சுடறது. பாப்பா யாருங்க?"

"பேத்தி. லேனா. இன்னும் நேர்ல பாக்கல."

எஸ்தர் மேலே கேட்கவில்லை. தெருவுக்கே தெரிந்த கதை. மகள் சுகந்தி ஜெர்மனியில் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் பேச்சை நிறுத்தினார். ஏழு வருடம். இப்போது ஊருக்கு வந்திருக்கிறாள். அந்தப் படத்தோடு செய்தி அனுப்பியிருந்தாள்: 'சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறோம். இரண்டு மணி நேரம் இருப்போம். சாப்பாடு எதுவும் செய்ய வேண்டாம்.'

கடைசி வரிதான் தைத்தது. அன்றைக்கே போய்த் தன் வீட்டுக்கு ஒரு ஓவன் வாங்கிவிட்டார்.

மைதா, ஈஸ்ட், வெண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினார்கள். நஞ்சப்பன் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இப்ப நாம என்ன பண்ணோணும்?"

"கம்முனு உக்காரோணுங்க. அது பொங்கட்டும்."

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். முதலில் ஃபேனைத் திட்டினார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு எப்படியோ பேச்சு வந்தது. சுகந்தி ஆறு வயதில், காயிலுக்குப் பூசும் வார்னிஷ் டப்பாவுக்குள் கையை விட்டது. ஒரு வாரம் விரலெல்லாம் மினுமினுத்தது. தங்க விரல் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

எஸ்தர் சிரித்தாள். இவரும் சிரித்துவிட்டார். துணியைப் பார்க்க மறந்திருந்தார். மாவு கிண்ணத்துக்கு மேலே வந்து நின்றது.

மாவைக் கயிறு மாதிரி உருட்டச் சொன்னாள். சுற்றுவதற்குச் சொல்லித்தர வாயெடுத்தாள்.

"சுத்தறத எனக்குச் சொல்லித் தராத."

இழுத்து இழுத்துச் சுற்றினார். இண்டு இடுக்கில்லை. இரண்டு முனையையும் மடக்கி மூடி, விரலால் அமுக்கினார். ஆறு சாசேஜ். எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோடா உப்பு போட்ட கொதிநீரில் முக்கியெடுத்து, கல்லுப்பு தூவி ஓவனில் வைத்தார்கள். பத்தாவது நிமிடம் ஒன்று வெடித்தது. அப்புறம் வரிசையாக ஆறும்.

"மாவு சரியில்ல."

"முனையை எதுக்குங்கய்யா மூடுனீங்க? உள்ள இருக்கற ஆவி எங்க போகும்?"

"வயரு வெளிய தெரிஞ்சா ஷாக்கடிக்காதா? நாப்பது வருசத்துல ஒருத்தனுக்கு ஷாக்கடிச்சதில்ல, என் வேலையில."

"முழுக்க டேப்பு சுத்துன வயருல கனெக்‌ஷன் எப்படிங்க குடுப்பீங்க?"

நஞ்சப்பன் வெடித்த ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மிச்ச மாவில் இன்னொரு ஆறு சுற்றினார். தளர்வாக. இரண்டு பக்கமும் சாசேஜ் தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஓவனிலிருந்து வந்தபோது படத்தில் இருந்த அதே பழுப்பு. நின்றபடியே ஒன்றைத் தின்றார்.

"உப்பு கம்மி" என்றார். இன்னொன்றை எடுத்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கடிக்கவில்லை.

"அம்மிணி."

"சொல்லுங்கய்யா."

"நாளைக்கு வாறாங்க. 'வா'ன்னு சொல்லீருவேன். அதுக்கப்புறம் என்ன பேசறது?"

எஸ்தர் அவர் கையிலிருந்ததை வாங்கினாள். மீதியோடு சேர்த்து டப்பாவில் போட்டுத் தன் ஃபிரிட்ஜில் வைத்தாள். ஒரு பையில் மைதா, ஈஸ்ட், பிரிக்காத சாசேஜ் பாக்கெட் எல்லாம் எடுத்து வைத்தாள்.

"ஏனம்மிணி, சுட்டதெல்லாம்?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க."

"அட இவளே! எம்பேத்திக்குச் செஞ்சதை உம்புருசனுக்கா? இனி நான் எப்ப பிசையறது, எப்ப சுடறது?"

"அவங்க வந்தப்புறம் பிசைங்க. எல்லாருமாச் சேந்து."

"வெளையாடறயா? அவ இருக்கறதே ரெண்டு மணி நேரம்!"

எஸ்தர் பையின் வாயை முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"மாவு பொங்கவே ஒண்ணரை மணி நேரமாகுங்கய்யா."