ஊர்ச் சராசரி

"பணம் வருமா வராதா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

வைரக்கண்ணு காலையிலிருந்து இதையேதான் கேட்கிறார். மடத்து அம்மா அடுப்பில் மீதிக் கஞ்சியைச் சூடாக்கிக் கிளறினார். வயசில் வைரக்கண்ணுதான் பெரியவர். ஆனாலும் அவர் சீடர், அம்மா குரு.

மழை பொய்த்து வைரக்கண்ணுவின் நெல்லில் பாதி கருகிவிட்டது. பயிர்க் காப்பீடு செய்திருந்தார். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த வருஷமும் குத்தகை நிலம் அவரிடம் இருக்கும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"உன் வயல்தான் கருகிப்போச்சே. அப்புறம் என்ன சந்தேகம்?" என்றார் அம்மா.

"என் வயலை யாரு பாக்குறா? அதிகாரிங்க குலுக்கல் போட்டு, அதுல வர்ற வயலை மட்டும் அறுத்து, ஊருக்கு என்ன விளைச்சல்னு சராசரி எடுப்பாங்க. அது குறைஞ்சாத்தான் பணம்."

அம்மா கஞ்சியை இறக்கினார். தட்டு கழுவிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சும்மா."

"சராசரியா எல்லா வயிறும் நிறைஞ்சிருக்கு" என்று பானையை மூடினார்.

"எனக்குப் பசிக்குதேம்மா" என்றார் வைரக்கண்ணு.

"உன் பசியை யாரு கேட்டா?"

அவருக்கு உறைக்கும் என்று அம்மா நினைத்தார். வைரக்கண்ணு சந்தோஷமாகத் தொடையைத் தட்டினார்.

"அதேதாம்மா. சரியாப் புடிச்சிட்டீங்க. அதனாலதான் தினமும் ஊர் வயலையெல்லாம் சுத்திப் பாத்துட்டு வர்றேன். வடக்கே சுத்தமாப் போச்சு. நல்ல சேதி. எனக்குப் பக்கத்துல தனுஷ்கோடி வயல்தான் இன்னும் பச்சையா நிக்குது. அதுதான் இடிக்குது."

"அவன் பயிர் சாகணும்னு வேண்டிக்கிறியா?"

"அப்படி இல்லம்மா. கொஞ்சம் காஞ்சா நல்லதுன்னு..."

அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பயிர்ல மீதிப் பாதி எப்படி இருக்கு?"

"கதிர் வாங்குது. ஒரு தண்ணி பாய்ச்சினா தேறிடும்."

"வாய்க்கால்ல இப்பத்தான் தண்ணி விட்டிருக்காங்களே, இன்னிக்குப் பாய்ச்ச யாரு முறை?"

"என் முறைதான். பொழுது சாயுறவரைக்கும்."

"உன் முறையை விட்டுட்டு இங்க உக்காந்து என்ன பண்ற?"

வைரக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "தண்ணி விட்டுத் தேறிடுச்சுன்னு வைங்க. குலுக்கல்ல என் வயலே வந்துட்டா? ஊர்ச் சராசரி ஏறிடாதா? என்னாலயே எனக்குப் பணம் போயிடாதா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பசிக்குதுன்னு சொன்னியே, ஏன் சாப்பிடல?"

"நீங்க பானையை மூடிட்டீங்களே."

"மூடினேன். பூட்டினேனா? உன் முட்டி மேல இடிக்குது பானை."

வைரக்கண்ணு பானையைப் பார்த்தார். திறந்தார். ஊற்றிக் குடித்தார். சூடாக இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா. ஆனா பணம் வருமா?" என்றார்.

"எழுந்திரு."

எழுந்தார்.

"வரும் வராதுங்கிறது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அறுக்க வர்றவனுக்கும் தெரியாது. பொழுது இருக்கு. போய் மடையைத் திற. வேற எங்கேயும் பாக்காதே."

"சரிம்மா."

வைரக்கண்ணு வேகமாகத்தான் நடந்தார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. மடையில் அடைத்த மண்ணை எடுக்க மண்வெட்டியை ஓங்கினார். பக்கத்து வரப்பில் தனுஷ்கோடி நின்றிருந்தார்.

"என்னண்ணே, இன்னும் திறக்கலையா? பொழுது போகுதே."

வைரக்கண்ணு மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். உன் கதிர்ல பதர் ஏதாவது தெரியுதா?"

தனுஷ்கோடி இல்லை என்றார். வைரக்கண்ணுவுக்கு நம்பிக்கை வரவில்லை. வரப்பு தாண்டி அந்த வயலுக்குள் இறங்கி, ஒவ்வொரு கதிராக நசுக்கிப் பார்த்தார். பொழுது சாய்ந்தது. அடுத்த முறைக்காரர் வந்து தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.