இன்னும் ஒரே ஒரு சுற்று

ஒரு புதர்க்காட்டை ஒட்டி கார் பந்தய மைதானம் ஒன்று இருந்தது. நடுவே வெறும் கம்பிவேலிதான். கருங்கொம்பன் என்ற வெளிமானும் சாம்பி என்ற முயலும் தினமும் அந்த வேலியோரம் நின்று கார்களைப் பார்க்கும். அந்தக் காட்டில் ஓட்டத்தில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. அதனாலோ என்னவோ, வேகம் என்றால் இரண்டுக்கும் கிறுக்கு.

மானுக்கு ரேஸ் கார் பிடிக்கும். முயலுக்கு சூப்பர் கார்.

"தங்கச்சி, ரேஸ் காரைப் பார்! தரையோடு ஒட்டிக்கொண்டு, வளைவில்கூட வேகம் குறையாமல் போகிறது!" என்றது மான்.

"போ அண்ணே! அதற்கு முகவிளக்குகூடக் கிடையாது. ரோட்டுக்கு வந்தால் முதல் வேகத்தடையிலேயே வயிறு கிழிந்துவிடும். சூப்பர் கார் இங்கேயும் ஓடும், ஊருக்குள்ளும் போகும். உறுமலைக் கேட்டாலே பலம் யாருக்கு என்று தெரியவில்லையா?"

"உறுமினால் போதுமா? ஓட வேண்டாமா?"

இந்த வாக்குவாதம் ஓயவே இல்லை.

சித்திரை மாதம் வந்தது. புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. அந்தப் புல்லுக்குள் சாம்பி இரண்டு குட்டிகளை ஈன்றிருந்தது. அவை இன்னும் ஓடப் பழகவில்லை.

ஒருநாள் நண்பகலில் கருங்கொம்பன் மூச்சிரைக்க வந்தது. "சீக்கிரம் வா! இன்றைக்கு இரண்டு காரையும் ஒன்றாக ஓட விடுகிறார்கள்!"

சாம்பி குட்டிகளை நக்கிக்கொடுத்தது. "அம்மா வரும்வரை அசையாமல் படுத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு ஒரே பாய்ச்சலில் ஓடியது.

கார்கள் சீறிப் புறப்பட்டன. நேர்ப்பாதையில் சூப்பர் கார் முந்தியது. சாம்பி துள்ளிக் குதித்தது. வளைவில் ரேஸ் கார் அதைத் தாண்டிப் போனது. கருங்கொம்பன் குளம்பால் தரையைத் தட்டியது. அடுத்த சுற்றிலும் அதே கதைதான்.

அப்போது ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் அலறிக்கொண்டு பறந்தது. "புல்லில் தீ! மேற்கே புகை தெரிகிறது! ஓடுங்கள்!"

சாம்பி திரும்பிப் பார்த்தது. தொலைவில் மெல்லிய புகை ஒன்று நூலாக எழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, என் குட்டிகள்..."

"அது எங்கேயோ எரிகிறது. உன் காலுக்கு அந்தத் தூரம் ஒரு தூரமா? இன்னும் ஒரே ஒரு சுற்று! யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்!"

குருவி மறுபடியும் கத்தியது. "காற்று திரும்பிவிட்டது! போ, சாம்பி, போ!"

"சும்மா இரேன்! உன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை!" என்றது சாம்பி.

கடைசி வளைவில் ரேஸ் கார் முந்திச் சென்று வென்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சாம்பி திரும்பியபோது மேற்கே வானமே தெரியவில்லை.

அது ஓடியது. வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. பின்னாலேயே கருங்கொம்பனும் பறந்தது. தரையில் கால் பட்டதா இல்லையா என்று சொல்ல முடியாத ஓட்டம் அது. ஆனால் காற்று முன்பே புறப்பட்டிருந்தது. அவை போய்ச் சேர்ந்தபோது கரிந்த நிலத்தில் புகை மட்டுமே மிச்சமிருந்தது.

குட்டிகள் அசையாமல் படுத்திருந்தன. அம்மா சொன்ன இடத்தைவிட்டு நகரவே இல்லை.

சாம்பி அவற்றை மூக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. சாம்பல் இன்னும் சுட்டது. அது விலகவில்லை.

"நான்தான் உன்னை நிறுத்திவைத்தேன், தங்கச்சி" என்று கருங்கொம்பன் அழுதது.

"நீ நில் என்றாய். நின்ற கால் என்னுடையதுதானே, அண்ணே" என்றது சாம்பி.

மைதானத்திலிருந்து வெற்றிக் கூச்சல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்தவர் வேகத்தை அளந்துகொண்டு நிற்பவருக்கு, தம் வேகம் தேவைப்படும் நேரத்தில் உதவாது.