மிச்சக் கம்பி எங்கே?

இரண்டு இரும்புத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் கான்கிரீட் ஊற்றும் சுவர் அது. ஊற்றும்போதே தகடு பிதுங்கிப் பிளந்து, வெல்டர் சவரிமுத்து அடியில் சிக்கிச் செத்தார். தகடுகளை இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள் உள்ளே பாதிதான் இருந்தன.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால், காண்ட்ராக்டர் தெய்வசிகாமணி சவரிமுத்துவின் மனைவி பிலோமினாவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"உன் புருஷன்தான் பாதிக் கம்பியை ஒட்டாம விட்டான். கையெழுத்துப் போடு. உடம்பை ஊருக்குக் கொண்டுபோக வண்டி தர்றேன்."

"போடுறேங்கய்யா. ஒட்டாத கம்பிய வெளிய கொண்டுபோயி வித்துட்டாரோ?"

"என் கேட்டைத் தாண்டி ஒரு ஆணிகூடப் போகாது!"

"அப்ப மிச்சக் கம்பி உள்ளதான இருக்கணும்? காட்டுங்க, போடுறேன்."

அதிகாரி எழுந்து ஸ்டோருக்குப் போனார். எங்கு தேடியும் ஒரு கம்பிகூட அகப்படவில்லை. ஸ்டோர் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்கினதே பாதிதான் சார்" என்றார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று திரும்பி வந்த அதிகாரி பிலோமினாவிடம் கேட்டு, பேனாவை எடுத்தார்.

"குடுத்த கம்பியில ஒண்ணுகூட அவரு விடல. பத்தலன்னு தினமும் பொலம்புனாரு. அதையும் எழுதிக்குங்க சார்."

கூட வேலை செய்தவர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பிலோமினா வாய்விட்டு அழுதாள்.